பன்னிரண்டாவது ரொட்டி

ஜெகதீஸ்வரிக்குப் பிரெஞ்சில் ஒரேயொரு வசனம்தான் பிசகில்லாமல் வரும். "சில் வூ ப்ளே, ந தூஷே பா." அதாவது, தயவுசெய்து தொடாதீர்கள். மொன்ட்ரியால் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் பன்னிரண்டு வருடக் காவற்பணியில் அவள் சம்பாதித்த மொழிச்செல்வம் அது. கறுப்புக் காற்சட்டையும் கறுப்புக் கோட்டும் போட்டு, இடுப்பில் வோக்கி டோக்கியைச் செருகி, மெத்தை வைத்த சப்பாத்தோடு ஒரு மூலையில் நின்றபடி, நீளும் கைகளையெல்லாம் அந்த ஒரே வசனத்தால் மடக்கிவிடுவாள். மிச்சப் பிரெஞ்சுக்கு அவளிடம் புன்னகை இருந்தது.

வேலைக்காகப் படித்த வசனம் மெல்ல வீட்டுக்கும் வந்துவிட்டது. பார்க் எக்ஸ்டென்ஷனில் அவர்கள் இருந்த இரண்டாம் மாடி வீட்டில், மகள் நிருஷா வந்து பொரித்த அப்பளத்தில் கைவைத்தாலும் ந தூஷே பாதான். எல்லாரையும்விட அதிகமாக அதைக் கேட்டவர் கணவர் பேரின்பநாதன். மனிதருக்குப் பதினான்கு வருடமாகச் சீனி வருத்தம்; இனிப்பின் மேல் இருந்த காதலோ அதற்கும் முந்தியது. சமையலறையில் அவருடைய கை களவாக நீளும்போது வசனம் வந்து விழும். அவர் கையை எடுத்துக்கொண்டு, புருவம் இரண்டையும் உயர்த்தி, "ஓ, மியூசியம் திறந்திட்டுதோ" என்பார். முப்பத்து நான்கு வருடக் கலியாணத்தில் அவர்களுக்குள் ஓடிய பகிடிகளில் அது ஒன்றுதான் கடைசிவரை புளிக்கவில்லை.

இந்த வேலைக்கு முன் அவள் ஒன்பது வருடம் ஒரு தையல் ஆலையில் சட்டைக் கைகள் தைத்தாள். கைகள் மட்டும்தான். முழுச் சட்டை எப்படியிருக்கும் என்று அவளுக்கு ஒருவரும் காட்டவில்லை. ஆலை மூடியபிறகு கொஞ்சக்காலம் அங்கே இங்கே என்று அலைந்து அருங்காட்சியகத்துக்கு வந்தால், அவளை நவீன ஓவியப் பகுதியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கே வெள்ளைத் துணியில் வெள்ளைச் சதுரம் வரைந்த படம் ஒன்று இருந்தது. இதைத் திருட வருகிறவனைப் பொலிசில் கொடுப்பதா, வைத்தியரிடம் கொடுப்பதா என்று யோசித்தே அவளுடைய பதினொரு வருடம் போய்விட்டது. பக்கத்து அறையில் காவல் நின்றவர் அல்பேட், குருநகர்க்காரர், அவளைவிட நாலைந்து வயது இளையவர். "அக்கா, அது வெறும் வெள்ளை இல்லை. பனிக்காலம்" என்று விளக்கம் சொல்வார். "பனிக்காலத்தை யன்னலாலை பாக்கலாமே, தம்பி" என்பாள் இவள்.

போன வருடம் மாசி மாதம் நடந்ததை மட்டும் விரைவாகச் சொல்லிக் கடந்துவிட வேண்டும். அன்று சதுர்த்தி. பிள்ளையார் கோயிலுக்கென்று ஜெகதீஸ்வரி விடியவே எழும்பி நாற்பத்தொரு மோதகம் அவித்து வைத்திருந்தாள். காரை மூடிக்கிடந்த பனியை வழிக்கப் புறப்பட்ட பேரின்பநாதன், தடித்த ஜாக்கெட்டோடு சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். கை நீண்டது.

"ந தூஷே பா. இன்னும் படைக்கேல்லை. கோயிலாலை வந்து ஒண்டு தாறன்."

"ஒண்டோ, ரெண்டோ?"

"சீனி எகிறிப்போய்க் கிடக்கு, ஒண்டுதான்."

"சரி, மியூசியம் சொன்னால் சட்டம்" என்று சிரித்துக்கொண்டு இறங்கிப் போனார். அவள் படைத்து முடித்துப் பஸ்ஸில் திரும்பி வந்தபோது, காருக்குப் பக்கத்தில் பனி வழிக்கும் சவள் கிடந்தது, ஆளைக் கொண்டுபோய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் வைத்தியர் வந்து சொன்ன நேரம் அவளுடைய மடியில் கோயில் மோதகப் பை இன்னும் இளஞ்சூடாக இருந்தது. வாழ்க்கையில் அவள் அவருக்கு எத்தனையோ ஆயிரம் சாப்பாடு போட்டிருப்பாள். கொடுக்காத அந்த ஒன்றுதான் மனதைப் பிடித்துக்கொண்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து, பல்கனியில் வாழையிலை விரித்து, சோறும் கறியும் வைத்து, நடுவில் ஒரு மோதகமும் வைத்தாள். காகம் வந்து தொட்டால் அவர் தொட்டதாகக் கணக்கு. மொன்ட்ரியாலில் காகத்துக்கு ஒன்றும் பஞ்சமில்லை. குப்பைப் பை வெளியே வைக்கிற நாளில் அவை ஆட்களுக்கு முன்னமே வந்து வரிசையில் நிற்கும். அன்றைக்கு ஒன்றையும் காணோம். "கா, கா" என்று அவள் கூப்பிட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டுக் கிரேக்கக் கிழவர்தான் எட்டிப் பார்த்தார். கடைசியில் கொழுத்த சாம்பல் அணில் ஒன்று கம்பியால் இறங்கி வந்து, சோற்றை மோந்து பார்த்துத் தள்ளிவிட்டு, மோதகத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனது. அது அவர்தானா, அல்லது அவருடைய பங்கைப் பறித்த கள்ளனா என்ற கேள்வி மாதக்கணக்காக ஜெகதீஸ்வரியைத் தூங்கவிடவில்லை. "அம்மா, அது வெறும் அணில்" என்றாள் நிருஷா. அது என்ன ஆறுதலோ தெரியவில்லை.

இந்த நிலையில்தான் இலையுதிர்காலத்தில் எகிப்து வந்து இறங்கியது. ஐந்து மாதக் கண்காட்சி. காவலர்களை மாற்றிப் போட்டதில் வெள்ளைச் சதுரத்திடமிருந்து ஜெகதீஸ்வரிக்கு விடுதலை கிடைத்து, மூன்றாம் அறை வந்தது. செத்தபிறகு என்ன நடக்கும் என்பதைக் காட்டும் அறை. முதல் நாள் காலை உள்ளே போய் விளக்கு எரிந்ததும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். கறுப்பு நாய்த் தலையோடு ஒரு கடவுள், பிணங்களுக்குக் காவல். நீண்ட மூக்குப் பறவைத் தலையோடு ஒருவர், கணக்கெழுத ஓலையும் கையுமாக. பூனைத் தலையோடு ஒரு அம்மாள், தோடுகூடப் போட்டிருந்தாள். சூரியனை உருட்டிக்கொண்டு ஒரு வண்டு. இத்தனை வருடம் யாரென்று தெரியாத படங்களுக்குக் காவல் நின்றவளுக்கு, திடீரென்று சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குள் நுழைந்ததுபோல இருந்தது.

அன்று பின்னேரம் மகளுக்குப் போன் எடுத்து ஒரே மூச்சில் சொன்னாள். "பிள்ளை, எங்கடை சாமியள் மிருகத்துக்கு மேலை ஏறிப் போகினம். இவையள் மிருகத்தைத் தங்கடை தோளிலை ஏத்தி வைச்சிருக்கினம். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த நாய்க்காரர் அச்சு எங்கடை வைரவர். ஒரு வடைமாலை போட்டால் ஆள் எழும்பி வந்திடும்."

"அம்மா, ஒண்டும் போட்டிடாதேங்கோ" என்றாள் நிருஷா. தாயை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வழிகாட்டிகள் ஒரு நாளைக்கு நாலு தரம் கூட்டத்தைக் கூட்டி வந்து, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலுமாக அதே கதையைச் சொன்னார்கள். ஒரு மாதத்தில் ஜெகதீஸ்வரிக்கு அது முழுவதும் மனப்பாடம். செத்தவனின் இதயத்தை ஒரு தட்டிலும் ஓர் இறகை மறுதட்டிலும் வைத்து நிறுப்பார்கள். நாயார் தராசைப் பார்ப்பார், பறவைமூக்கர் எழுதுவார். செத்தவன் நாற்பத்திரண்டு கடவுளருக்கு முன், திருடவில்லை, பொய் சொல்லவில்லை என்று ஒவ்வொன்றாக மறுக்க வேண்டும். இதயம் பாரமாக இருந்தால், முதலைத் தலையும் சிங்க முன்பாதியும் நீர்யானைப் பின்பாதியுமாகப் பக்கத்தில் வாய்பிளந்து குந்தியிருக்கும் ஒருத்தி அதை விழுங்கிவிடுவாள். ஜெகதீஸ்வரி தன் கணவருக்காக அந்த நாற்பத்திரண்டையும் நடத்திப் பார்த்தாள். கொலை இல்லை. களவு இல்லை, வில்லரேயில் ஒரு வீட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பறித்த பிளம்ஸைத் தவிர. பொய்யில்தான் கொஞ்சம் இடித்தது. கடையில் மட்டன் றோல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்து, இல்லையென்று சத்தியம் பண்ணுகிற ஆள். ஒரு றோல்ஸுக்கு ஓர் இதயம் எவ்வளவு பாரம் கூடும் என்று அவள் அந்த முதலைக்காரியை முறைத்துப் பார்த்தாள்.

அதே அறையின் மூலையில், ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள், உள்ளங்கை உயரத்தில் ஒரு மரப்பறவை நின்றது. உடம்பு பறவை, முகம் மனிதன். அது செத்தவனின் உயிர்ப்பறவை என்றார்கள் வழிகாட்டிகள். பகலெல்லாம் வெளியே பறந்து விரும்பிய இடம் போகுமாம், விரும்பியதைச் சாப்பிடுமாம், பொழுதுபட்டால் உடம்பிடம் திரும்புமாம். ஜெகதீஸ்வரி குனிந்து பார்த்தாள். வட்ட முகம். கொஞ்சம் முன்தள்ளிய உதடு. புருவம் இரண்டும் உயர்ந்து, இப்போதுதான் தேத்தண்ணி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற பார்வை. இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன் யாரோ ஒரு தச்சன் அப்படியே பேரின்பநாதனைச் செதுக்கி வைத்திருந்தான்.

பயமோ அழுகையோ வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது, வயிறு குலுங்க, கோட்டுப் பொத்தான் தெறிக்கிற மாதிரி. அல்பேட் பயந்துபோய் ஓடிவந்தார்.

"அக்கா, என்ன, சுகமில்லையோ?"

"தம்பி, இஞ்சை வந்து பார். உங்கடை அண்ணை நிக்கிறார்."

அல்பேட் கண்ணாடியைத் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். "ஓம், அச்சு அவர்தான். மீசை ஒண்டுதான் குறைச்சல்" என்றார். பிறகு, வேதக்காரர் என்பதால் கொஞ்சம் யோசித்து, "எங்கடை பரிசுத்த ஆவியும் புறாவாத்தானே வந்தவர், அக்கா. வரலாம்" என்று அனுமதியும் கொடுத்தார்.

அதன்பிறகு ஜெகதீஸ்வரி வேலைக்குப் போகவில்லை, பறந்தாள். பறவையிடம் ஊர்ப்புதினம் எல்லாம் சொன்னாள். மேல்வீட்டுக் குளியலறை ஒழுகுவது, நிருஷா புதுக்கார் வாங்கியது, கோயில் நிர்வாகசபையில் யார் யாரோடு கதைப்பதில்லை என்பது. சுற்றுலாக்காரர் கடந்துபோனால் வோக்கி டோக்கியை வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொள்வாள். வீட்டில் மாதக்கணக்காகத் தனியே சாப்பிட்டவள், மத்தியானச் சாப்பாட்டைக்கூட விரைவாக முடித்துவிட்டு மூன்றாம் அறைக்குத் திரும்பினாள். ஆளைத் தகனம் செய்தாயிற்றே, பறவை எந்த உடம்புக்குத் திரும்பும் என்று ஒருநாள் கவலை வந்தது. அதற்காகத்தான் இங்கே வந்து நிற்கிறார் என்று அவளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

மாசி பிறந்தது. முதலாம் ஆட்டைத் திவசம் திதிப்படி வரும். அவர் போனது சதுர்த்தி என்பதால் திவசமும் சதுர்த்தியில்தான் வந்தது. இந்த முறை அவர் அதைச் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று ஜெகதீஸ்வரி முடிவெடுத்திருந்தாள். காலையில் ஐயர் வந்து செய்து முடித்துப் போனார். பல்கனியில் இலை விரித்தாள். குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபத்து நாலு. சோறு கண்முன்னாலேயே கல்லானது. காகம் இல்லை. அதே அணில் வந்தது. அவள் செருப்பைக் கழற்றிக் காட்டினாள், அது போய்விட்டது.

இரண்டு காவலர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. பின்னேர வேலைக்குப் போகும்போது கோட்டுப் பையில் ஒரு மோதகம் இருந்தது, கடதாசித் துவாயில் சுற்றி. கண்காட்சி அறைக்குள் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. எத்தனை பேருடைய சிப்ஸ் பையைப் பறித்தவள். ஆனால் அவளுடைய கணக்குச் சின்னது. பறவைப் பெட்டியின் பின்புறத்தில் ஒரு விளிம்பு இருந்தது. அதில் ஐந்து நிமிடம் வைத்து, கும்பிட்டு, எடுத்துவிடுவது. வைத்தாள். கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இடுப்பில் வோக்கி டோக்கி அலறியது. மேல்மாடியில் ஒரு ஆளுக்குத் தலைசுற்று, உடனே வா. ஓடினாள். அங்கேயே வேலை முடியும்வரை நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்தபோது மூன்றாம் அறைக் கதவு பூட்டிக் கிடந்தது.

மறுநாள் காலை அருங்காட்சியகம் இரண்டுபட்டது. பறவைப் பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டியில், கல்லறைகளில் செத்தவர்களுக்காக வைத்த உண்மையான ரொட்டிகள் இருந்தன. மூவாயிரம் வருடம் காய்ந்த, கூர் முனையுள்ள, மண்ணிறச் சிறு ரொட்டிகள், பதினொன்று. இப்போது பெட்டிக்கு வெளியே பன்னிரண்டாவதாக ஒன்று. அருங்காட்சியகத்தின் வறண்ட காற்றில் ஒரு இரவு முழுக்க வெடித்துக் காய்ந்து, அதுவும் கூர் முனையோடு, அதே மண்ணிறத்தில் இருந்தது. அறையை மூடினார்கள். கையுறை போட்ட இரண்டு பேர் அதை மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டில் ஏற்றினார்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தார்கள். பட்டியலை மூன்று தரம் சரிபார்த்தார்கள். பட்டியலில் பதினொன்றுதான். பட்டியல் பிழை என்று ஒருவர் சொல்ல, பெட்டியின் பூட்டுப் பிழை என்று இன்னொருவர் சொல்ல, பொருட்களை இரவல் தந்த நாட்டுக்கு எப்படி அறிவிப்பது என்று மேற்பார்வையாளர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

பொருட்களைப் பழுதில்லாமல் காக்கும் பொறுப்பில் இருந்தவள் சொலாஞ்ச் என்ற கியூபெக் பெண். அவள் வந்து குனிந்து, முகர்ந்து பார்த்து, இன்னொருமுறை முகர்ந்து பார்த்தாள். "ஏலக்காய்" என்றாள். வெடிப்புக்குள்ளே தேங்காய்ப்பூவும் தெரிந்தது.

பயம் இப்போதுதான் உண்மையில் தொடங்கியது. சாப்பாடு என்றால் பூச்சி; எள்ளைவிடச் சின்னதான ஒரு வண்டு உள்ளே வந்தால் மூவாயிரம் வருடத்துத் துணியைத் தின்று தீர்த்துவிடும். அந்த அறையில் வண்டு கண்ணாடிக்குள் இருந்தால் கடவுள், வெளியே இருந்தால் கொள்ளைக்காரன். காவலர் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி மேற்பார்வையாளர் கேட்டார், இது யார் வைத்தது.

அல்பேட் கூரையைப் பார்த்தார். ஜெகதீஸ்வரி கணக்குப் பார்த்தாள். சொன்னால் அறை போய்விடும், வேலையே போனாலும் போகும். கண்காட்சி முடிய இன்னும் மூன்று கிழமை. அவரோடு கதைக்கக் கிடைக்கிற கடைசி மூன்று கிழமை. சும்மா நின்றால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் வரிசைக்கு நேரெதிரே சுவரில் அந்தத் தராசுப் படம் தொங்கியது, அதன் கீழே முதலைக்காரி வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். றோல்ஸ் தின்ற பொய்க்காக மனிதரை நாலு மாதமாகக் கேள்வி கேட்டவள், தான் மட்டும் எப்படிப் பொய் சொல்வது.

"நான்தான்" என்றாள். தெரிந்த ஆங்கிலத்திலும் தெரியாத பிரெஞ்சிலுமாக, சதுர்த்தியையும் காகத்தையும் அணிலையும் சொல்லி முடித்தாள். மோதகம் என்ற சொல்லை மட்டும் மொழிபெயர்க்க முடியவில்லை.

சொலாஞ்ச் குறுக்கிட்டு ஆங்கிலத்தில் கேட்டாள். "வாசலில் இருக்கிற கல்லறைக் கல்வெட்டைப் பற்றி வழிகாட்டிகள் தினமும் சொல்கிறார்களே. கடந்துபோகிறவர்களே, எனக்குச் சாப்பாடு கொண்டுவர வேண்டாம், ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பியர் என்று வாயால் சொன்னால் போதும் என்று செத்தவன் கேட்கிறானே. நீங்கள் கேட்டதில்லையா?"

"நாளுக்கு நாலு தரம் கேட்கிறேன்" என்றாள் ஜெகதீஸ்வரி. "ஆனால் எங்கள் ஆட்களில் வாயால் வடை சுடுகிறவரை ஒருவரும் மதிப்பதில்லை."

அதை விளங்கப்படுத்தியபோது சொலாஞ்ச் சிரித்துவிட்டாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை, அவருடைய காலை நேரம் அப்படி. வேலையைப் பறிக்கவில்லை, ஆனால் நாளை முதல் கீழே, வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கிக் கொழுவும் இடத்துக்கு. இன்றைக்கு மாற்றுக்கு ஆளில்லாததால் ஐந்து மணிவரை மூன்றாம் அறை. போகிறபோது சொலாஞ்ச் அவளுடைய தோளைத் தொட்டு, "சாப்பாடு வைக்கத்தான் தடை. பேசுவதற்கு இல்லை" என்றாள்.

நாலரை மணிக்கு ஜெகதீஸ்வரி பறவைக்கு முன் போய் நின்றாள். ஆட்கள் இருந்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. வோக்கி டோக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினாள்.

"ஆயிரம் இடியப்பம்" என்றாள், மெல்ல. பறவை புருவத்தை உயர்த்தியபடியே நின்றது. "ஆயிரம் இடியப்பத்துக்கும் சொதி. ஆயிரம் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு." குரல் தானாகவே உயர்ந்தது. "திவசம் நேற்றோடை முடிஞ்சுது, இனி மச்சம் மாமிசம் பரவாயில்லை. ஆயிரம் மட்டன் றோல்ஸ். ஓம், எனக்குத் தெரியும். எல்லாம் தெரியும்."

"ஆயிரம் சட்டி ஒடியல் கூழ்" என்று வாசலில் இருந்து அல்பேட்டின் குரல் கேட்டது. "நண்டு போட்டு."

"நண்டு போட்டு" என்று அவளும் சொன்னாள். சிரிப்பு முட்டியது, கண்ணீரும் கூடவே வந்தது, எதை முதலில் துடைப்பது என்று தெரியவில்லை. ஆயிரம் பிளம்ஸ், வேலிக்கு இந்தப் பக்கத்திலேயே. ஆயிரம் தேத்தண்ணி, சீனி போட்டு. கூட்டம் கூடிவிட்டது. என்ன சடங்கு இது என்று ஒருவர் கேட்க, அல்பேட் பிரெஞ்சில், "சாப்பாட்டுப் பட்டியல்" என்றார். ஒரு சின்னப் பெண்பிள்ளை முன்னுக்கு வந்து, பறவைப் பெட்டியின் கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்து நின்றாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஜெகதீஸ்வரியின் வாயில் அந்த வசனம் வரவில்லை.

கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. ஒண்டோ, ரெண்டோ என்று கேட்ட முகம் கண்ணாடிக்கு உள்ளே அப்படியே காத்துக்கொண்டிருந்தது.

"ஆயிரம் மோதகம்" என்றாள். "இஞ்சருங்கோ, அங்கை ஒரு சீனி வருத்தமும் இல்லை. எல்லாம் படைச்சாச்சு. தொடுங்கோ."